கல்வீட்டுப் பேரம்

விருமாண்டி கல்மடைப்பட்டியில் வண்டியைவிட்டு இறங்கியபோது அவன் தோளில் ஒரு துண்டும் மடியில் வெற்றிலைப் பையும் முகத்தில் ஒரு சலிப்பும் இருந்தன. சலிப்பு தொழிலுக்கானது. ஏதோ வேண்டாவெறுப்பாக வந்ததுபோலத்தான் தரகன் இறங்க வேண்டும். ஆவலாக இறங்குகிறவன் தலையில் பல்லுப்போன காளையைக் கன்றுக்குட்டி என்று கட்டிவிடுவார்கள். இதெல்லாம் மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் அவன் மீசை முளைக்குமுன்பே படித்த படிப்பு.

ஆனால் அன்றைக்கு அவன் மாடு பிடிக்க வரவில்லை. தூண் பிடிக்க வந்திருந்தான்.

மழை பொய்த்த வருஷம். மாட்டை விற்க ஊரே நின்றது, வாங்கத்தான் ஆளில்லை. அந்தச் சமயத்தில் தல்லாகுளத்தில் புது பங்களா கட்டிக்கொண்டிருந்த வக்கீல் வெள்ளைத்துரைக்கு முகப்பில் சிற்பத்தூண் நிறுத்தும் ஆசை வந்தது. "கோயில் தூண் மாதிரி இருக்கணும்யா. பழசா இருந்தா இன்னும் நல்லது" என்றார். சட்டம் படித்தவர் அல்லவா, இடிந்த கோயிலில் போய்ப் பெயர்த்துக்கொண்டு வா என்று வாய்விட்டுச் சொல்வாரா? விருமாண்டிக்குப் புரிந்தது. மாட்டுக்குத் தரகு, வீட்டுக்குத் தரகு, ஒரு தடவை கல்யாணத்துக்கும் தரகு பார்த்திருக்கிறான். தூண் என்ன, சாணி போடாத மாடு. தீனியும் கிடையாது, முட்டவும் முட்டாது.

கூட வந்தவன் தவசி. தொழிலில் கூட்டாளி, வாய்ப்பேச்சுக்கு மாப்பிள்ளை, வாயைத் திறந்தால் மூடமாட்டான். பின்னாலேயே வக்கீல் அனுப்பிய பாரவண்டி வந்தது. அதை ஓட்டிய காளை என்பவன் வழிநெடுகத் தூங்கிக்கொண்டே வந்தான். மாடுகளுக்கு வழி தெரிந்திருந்தது.

ஆனையூரைத் தாண்டி வடக்கே, கல்மடைப்பட்டியின் உடைமரக் காட்டுக்கு நடுவே அவர்கள் தேடி வந்த கோயில் நின்றது. ஊர்க்காரர்கள் அதைக் கோயில் என்று சொல்வதில்லை. கல்வீடு என்பார்கள்.

"பாண்டியன் கட்டுனது" என்றார் ஊர்த்தலைவர், அம்பலம் நல்லகாமன். மடை உடைந்து கண்மாய் காய்ந்து கிடந்தது. மடையைக் கட்டுவதற்காகத்தான் தூணை விற்க ஊர் ஒப்புக்கொண்டிருந்தது. "முன் மண்டபத்துத் தூணை மட்டும் எடுத்துக்கங்க. உள்ள இருக்கிற எதையும் தொடப்படாது."

விருமாண்டி மண்டபத்தைச் சுற்றி வந்தான். தூணைத் தட்டினான், தடவினான், குனிந்து காலடியைப் பார்த்தான், பல்லைத்தான் பிடித்துப் பார்க்கவில்லை. நல்ல ஜாதிக் கல். அடியில் சதுரம், அதன் மூலைகளில் படமெடுத்த நாகம். மேலே எட்டுப் பட்டை. உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, நுனியில் பூமொட்டு தொங்குகிறது. விதானத்தில் பாண்டியன் முத்திரை: இரண்டு கயல், நடுவே ஒரு செண்டுக்கோல். அடித்தளத்தைச் சுற்றி எழுத்து ஓடியது. வடக்குச் சுவரின் பாதிவரை ஓடி, ஒரு எழுத்தின் கொம்பைச் செதுக்கியதோடு நின்றுவிட்டது. செதுக்கினவன் உளியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடியதுபோல.

"கல்லு பரவாயில்ல" என்றான், தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே. "ஆனா ரெம்ப வயசாயிருச்சு."

"அண்ணே, அது கல்லுண்ணே" என்றான் தவசி.

கோயிலுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் ஒரு ஓலைக்குடிசை. வாசலில் கோலம். உள்ளே மணல்மேடையில் ஒரு மண்குடம், கழுத்தில் மஞ்சள் துணி. சோலையம்மாள் என்ற பெண் குடத்துக்கு விளக்கு வைத்துவிட்டு, வெளியே வந்து கையைத் துடைத்தாள். நடுவயசு. கண்டிப்பான முகம்.

"என்னத்தா, குடத்துக்கா விளக்கு?" என்று கேட்டான் விருமாண்டி.

"சாமிக்கு."

"சாமி அந்தக் கல்வீட்டுக்குள்ளல்ல இருக்கணும்?"

"இருந்துச்சு. இப்ப இங்க இருக்கு." பக்கத்துத் தெருவுக்குக் குடிபோன ஆளைப் பற்றிச் சொல்வதுபோல அவள் சொன்னாள்.

கருவறையில் மராமத்து என்றால் சாமியை மந்திரம் சொல்லிக் குடத்துத் தண்ணீரில் இறக்கி, பக்கத்தில் ஒரு கொட்டகையில் வைத்துப் பூசை செய்வார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் மறுபடி கல்லில் ஊற்றிக் குடியேற்றுவார்கள். எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான். கல்மடைப்பட்டியில் சாமியைக் குடத்தில் இறக்கிய நேரம் பாண்டிய அண்ணன் தம்பிகளுக்குள் பட்டத்துக்குச் சண்டை வந்துவிட்டது. கல்தச்சர் ஓடினார்கள், பட்டர் ஓடினார், ஊரும் ஓடியது. ஒரு குடும்பம் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு காட்டில் ஒளிந்திருந்து திரும்பி வந்தது. சோலையம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்த குடும்பம் அது.

"அம்புட்டுக் காலமாவா சாமி குடிசையில இருக்கு?" தவசி வாயைப் பிளந்தான்.

"மாசிக்கு மாசி பழைய குடத்துத் தண்ணிய புதுக் குடத்துல ஊத்துவோம். ஒருக்காக்கூட வத்த விட்டதில்ல."

"தூக்கிட்டுப் போயி உள்ள ஊத்த வேண்டியதுதானத்தா?" என்றான் விருமாண்டி.

"என் மாமியா காலத்துல தூக்கிட்டுப் போனாக. உள் நிலைவாசலைத் தாண்டவும் குடம் சுண்ட ஆரம்பிச்சிருச்சு, அடுப்புல வச்ச கணக்கா. திரும்பி ஓடியாந்து, அடியில கிடந்த கொஞ்சூண்டு தண்ணிய வச்சுப் பொழைக்க வச்சாக."

"ஏனாம்?"

சோலையம்மாள் கல்வீட்டைப் பார்க்காமலே சொன்னாள்: "வீடு காலியா இல்ல."

விருமாண்டி சிரித்தான். "வாடகை குடுக்காத ஆளு போலருக்கு."

அவள் சிரிக்கவில்லை.

வீடு என்றால் என்ன என்று விருமாண்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி ஆயுசைத் தாவணியில் வண்டிக்கடியில் படுத்துக் கழித்தவன். அவன் மனைவி முருகம்மாள் அண்ணன்மார் வீட்டில், அடுப்படி ஓரத்தில், பாயைச் சுருட்டி வைக்கவும் இடம் கேட்டு வாழ்ந்தவள். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே அவர்கள் கட்டிய ஓட்டுவீட்டுக்குப் பால் காய்ச்சி இன்னும் ஒரு மழைகூடப் பார்க்கவில்லை. தினம் காலையில் முருகம்மாள் நிலைக்கதவைப் பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைப்பாள். "இனி என்னைத் தூக்கிட்டுப் போறதா இருந்தா இந்த வாசல் வழியாத்தான்" என்பாள். "ஏன், கொல்லை வழியாத் தூக்குனா கனப்பியோ?" என்பான் இவன். அதற்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது.

புளியமரத்தடியில் பேரம் நடந்தது. தாவணி முறைப்படிதான். விலையை வாயால் பேசினால் சுற்றி நிற்கிற காதெல்லாம் பங்குக்கு வரும். அதனால் இரண்டு பேரும் வலது கைகளைத் துண்டுக்கடியில் கோத்துக்கொண்டு விரலால் பேசுவார்கள். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு, எந்தக் கணுவைத் தொட்டால் எவ்வளவு என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. கையை நேராக உருவிக்கொண்டால் கட்டுப்படியாகாது. எதிராளியின் உள்ளங்கையைப் புரட்டிப்போட்டால் பணமே வேண்டாம், மாத்து: மாட்டுக்கு மாடு. அவன் கையைச் சேர்த்து விரல்களை மூடிவிட்டால் பேரம் முடிந்தது. அதற்கப்புறம் முறிக்க ஒரே ஒரு சந்து உண்டு. பழைய கயிற்றை அவிழ்த்து மாட்டுக்குப் புதுக்கயிறு கட்டுமுன் திரும்பி வந்து, அதே துண்டுக்கடியில் கையை விரித்துக் காட்ட வேண்டும். அவமானம்தான். ஆனாலும் முறியும்.

நல்லகாமன் விரல் விடாக்கண்டன் விரல். விருமாண்டி மூன்று தடவை கையை உருவிக்கொண்டான், இரண்டு தடவை எழுந்து வேட்டியை உதறினான், ஒரு தடவை மாட்டைப் பூட்டச் சொன்னான். கடைசியில் முடிந்தது. முன்பே விழுந்து கிடந்த தூண் ஒன்றை ஊர் ஆட்கள் நெம்பி, காளையின் வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

தவசி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னான்: "எல்லாம் சரிண்ணே. அம்பலத்துகிட்டப் பேசுனீக. உள்ள குடியிருக்கிற ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்லகாமனும் சிரித்தார். இந்த மாதிரி இடத்தில் ஒரு தரகன் சும்மா இருந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"கேட்டுட்டு வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விருமாண்டி மண்டபத்துக்குள் நடந்தான்.

முன் மண்டபத்தில் வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. எச்சமும் நாற்றமும் குப்பையுமாகக் கிடந்தது. அதைத் தாண்டினால் குறுகலான இடை மண்டபம். வெளிச்சம் அங்கே பாதிதான் வந்தது. கட்டியவன் வெயிலையும் அளந்துதான் உள்ளே விட்டிருந்தான். அதற்கும் அப்பால் இரண்டு துவாரபாலகர், நடுவே நிலைவாசல், வாசலுக்குள் கருவறை. உச்சிப்பொழுது. ஆனால் அந்த வாசலுக்குள் ராத்திரி நின்றுகொண்டிருந்தது.

அங்கே வௌவால் இல்லை.

விருமாண்டி நின்றான். வெளியே அடைத்துக்கொண்டு தொங்குகிற வௌவால், இருட்டான உள்ளறையை ஏன் விட்டுவைத்தது? குனிந்து தரையைப் பார்த்தான். எச்சம் இல்லை, சருகு இல்லை, ஒரு சிலந்தி நூல் இல்லை. பெருக்கி வைத்த தரை. சற்றுமுன் யாரோ திரியை ஊதி அணைத்ததுபோல் எண்ணெய்ப் புகை வாசம் மூக்கில் ஏறியது.

திரும்பிவிடலாம். ஆனால் வெளியே தவசி இருக்கிறான். வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த சித்திரைத் தாவணி வரை கதை சொல்லுவான்.

துண்டை எடுத்து வலது கைமேல் போட்டான். கையை நிலைவாசலுக்குள் நீட்டினான்.

"என்ன வீட்டுக்காரரே," என்றான், வெளியே கேட்கட்டும் என்று சத்தமாக. "என்ன வெலை சொல்றீக?"

வெளியே சிரிப்பு.

உள்ளே சத்தமில்லை.

துண்டுக்கடியில் ஒரு கை வந்தது.

விருமாண்டி பிடித்துப் பேசாத கை மதுரைச் சீமையில் இல்லை. உழவன் கை காய்த்திருக்கும். செட்டியார் கை பிசுபிசுக்கும். புதுசாக மாடு வாங்க வருகிறவன் கை வியர்க்கும். இந்தக் கை சில்லென்று, நூறு தலைமுறை மிதித்துத் தேய்ந்த படிக்கல்போல வழவழவென்று இருந்தது.

அதில் ரேகை இல்லை.

அது அவசரப்படவில்லை. அவன் கட்டைவிரலைத் தொட்டது, விட்டது. அடுத்த விரலைத் தொட்டது, விட்டது. ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டு ஒதுக்கியது.

பணம் வேண்டாம்.

பிறகு, மெதுவாக, அவன் உள்ளங்கையைப் புரட்டிப்போட்டது.

மாத்து.

புரட்டிவிட்டுக் காத்திருந்தது. நல்ல வியாபாரிபோலக் காத்திருந்தது.

கையை நேராக உருவியிருந்தால் போதும். தாவணியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை உருவுகிறான்! ஆனால் பயந்த மனிதன் கை என்ன செய்யும்? இருட்டில் பாம்பு மேலே விழுந்தாலும் முதலில் இறுகத்தான் செய்யும். விருமாண்டியின் விரல்கள் மூடிக்கொண்டன.

அந்தக் கையின்மேல்.

துண்டுக்கடியில் அது இரண்டு தட்டுத் தட்டியது. பரம திருப்தியாக. அப்புறம் போய்விட்டது.

வெளியே வந்தவனைப் பார்த்துத் தவசி, "என்னண்ணே, வெலை படிஞ்சுச்சா?" என்று கேட்டான். விருமாண்டி நேராக மாட்டுத் தொட்டிக்குப் போய்க் கையைத் தண்ணீரில் முக்கித் தேய்த்தான். முழங்கைவரை தேய்த்தான். ஊரார் சோறு போட்டார்கள்; வலது கையை இலைக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். தவசிக்கே பொறுக்கவில்லை.

"என்னண்ணே, உள்ள தேளு கீளு கொட்டிருச்சா?"

மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் விருமாண்டி சொன்னான். தவசி முதலில் சிரித்தான். அப்புறம் அவன் கண்ணைப் பார்த்தான். வெற்றிலையைத் துப்பினான்.

"மாத்துன்னா... எதுக்கு எதுண்ணே?"

"மாப்ள, நாம அதுகிட்ட எதைக் கேட்டோம்?"

"தூணை."

"தூணா? 'வீட்டுக்காரரே, என்ன வெலை'ன்னேன்டா. அதுக்குத் தெரிஞ்சது வீடு ஒண்ணுதான்." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "வீட்டுக்கு வீடு கேட்டிருக்கு. நான் கையை மூடிட்டேன்."

பிறகு தவசிக்குள் இருந்த தரகன் விழித்துக்கொண்டான். "கயிறு மாத்தலையேண்ணே! கல்லுக்கு ஏது கயிறு, சரக்கு எல்லை தாண்டுனாத்தான முடிஞ்ச பேச்சு? போயி கையை விரிச்சிருங்க. தூண் இங்கனதான..."

இரண்டு பேரும் மண்டபத்தைப் பார்த்தார்கள். விழுந்து கிடந்த தூணின் இடத்தில் வெளுத்த மண் தெரிந்தது. காளையின் வண்டியைக் காணோம்.

"அப்பவே போயிட்டானே" என்றார் நல்லகாமன். "வக்கீலய்யா வெரசாக் கொண்டாரச் சொன்னாராம்ல."

ஒற்றை மாட்டு வண்டியை அன்றைக்கு அவர்கள் ஓட்டியதுபோல் யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். விருமாண்டி தார்க்குச்சியால் மாட்டைக் குத்தவே மாட்டான். அது தன் சரக்கைத் தானே கெடுப்பது என்பான். அன்று குத்தினான். வழியெல்லாம் பாரவண்டியின் தடம் தெரிந்தது. ஊர் எல்லைக்கல்வரை சக்கரம் புழுதியைக் கிழித்து ஆழமாகப் பதிந்திருந்தது. எல்லைக்கல்லைத் தாண்டியதும் தடம், வெறும் வண்டி போனதுபோல, மேலாக ஓடியது.

ஆனையூர்க் கண்மாய்க்கரையில் காளையைப் பிடித்தார்கள். வண்டியில் தூண் இருந்தது. காளை விழித்துக்கொண்டிருந்தான், அதுவே அதிசயம்.

"திருப்புடா வண்டிய!"

"ஏண்ணே? வக்கீலய்யா வைவாருண்ணே."

"நான் பேசிக்கிறேன். திருப்பு."

காளை தலையைச் சொறிந்தான். "திருப்புறதுக்கென்ன, மாடு பறக்குது. ஊர் எல்லைக்குள்ள வரும்போது பாரம் தாங்காம நுரை தள்ளிருச்சுங்க. எல்லைக்கல்லுகிட்ட வரவும் யாரோ பின்னாடி இருந்து குதிச்ச மாதிரி வண்டி ஒரு ஆட்டு ஆடுச்சு. அங்கிட்டிருந்து பாரமே தெரியல."

"யாரு குதிச்சா?" தவசி மெல்லக் கேட்டான்.

"திரும்பிப் பாத்தேன். ஒருத்தருமில்ல. புழுதிதான், நமக்கு முன்னால ரோட்டுல போயிக்கிட்டே இருந்துச்சு. காத்தே இல்ல, அது பாட்டுக்குப் போகுது."

"எங்கிட்டு?"

காளை கையை நீட்டினான். தெற்கே. தல்லாகுளம் தாண்டி, ஆறு தாண்டி, வண்டியூர்ப் பக்கம்.

தூணோடு காளையையும் தவசியையும் கோயிலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு விருமாண்டி மட்டும் மாட்டை விரட்டினான். வழியில் தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. வைகையில் மணல்தான் ஓடிற்று. சக்கரம் புதைந்த இடத்தில் இறங்கித் தள்ளினான். மனசு மட்டும் முன்னாலேயே போய், வீட்டைத் திறந்து, முருகம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

தெப்பக்குளத்து மைய மண்டபத்தில் கடைசி வெயில் ஏறும்போது தெருவுக்குள் நுழைந்தான். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் வாசலில் முருகம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நிறைகுடம். அழுது ஓய்ந்த முகம்.

உயிரோடு இருக்கிறாள். விருமாண்டி வண்டியிலிருந்து குதித்தான்.

"முருகு! ஏன் இங்கன உக்காந்திருக்க?"

அவள் அவனைப் பார்த்தாள். எழுந்தாள். ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"நீங்க எப்ப வெளிய வந்தீக?"

"எங்கேருந்து?"

"வீட்டுக்குள்ள இருந்து." அவள் நிலைக்கதவைக் காட்டினாள். "தண்ணி எடுத்துட்டு வந்தா உள்தாப்பா போட்டிருந்துச்சு. கதவைத் தட்டுனா நீங்கதான உள்ள இருந்து பேசுனீக? 'இது இனி உனக்கு வீடு இல்ல, போ'ன்னு நீங்கதான சொன்னீக?"

"நானும் கேட்டேண்ணே" என்றாள் செல்லத்தாய். "ஒங்க கொரலுதான். சண்டையாக்கும்னு நான் வாயே திறக்கல."

விருமாண்டி தன் வீட்டுக்கு முன்னால் போய் நின்றான். துடைத்துத் துடைத்து மின்னுகிற நிலைக்கதவு. கீழ் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. யாரோ உள்ளே விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

தட்டினான்.

"யாரு?"

அவனுடைய குரல். சலிப்பும் அப்படியே.

"நான்தான். விருமாண்டி."

"விருமாண்டி உள்ள இருக்கானே."

அவன் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்தான். உள்ளே இருட்டு, கதவிடுக்கில் தெரிந்த விளக்கைக் காணோம். துண்டை எடுத்துக் கையில் போட்டுக் கம்பிக்குள் நீட்டினான். விரல் ஐந்தையும் விரித்தான். "பாத்துக்க. விரிச்சுட்டேன். பேரம் வேணாம். தூணு திரும்பிப் போயிருச்சு, ஒன் வீடு அப்படியே இருக்கு. விரிச்சுட்டேன், பாத்துக்க!"

நீட்டிய கையை யாரும் பிடிக்கவில்லை.

தரகனுக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை. கை மரத்துப்போகும்வரை நீட்டிக்கொண்டு நின்றான்.

உள்ளேயிருந்து அவன் குரல் கொட்டாவி விட்டது. "கயிறு மாத்துன மாட்டுக்கு வந்து வெலை பேசுறீகளேண்ணே. தொழிலுக்குப் புதுசா?"

தெருவே கூடிவிட்டது. ஒருவர் கோடாரி கொண்டுவந்தார். முதல் வெட்டு கதவில் விழுந்ததும் உள்ளே ஒரு பெண் அலறினாள்: "ஐயோ, என் வீடு! என் வீட்ட வெட்டாதீக!"

முருகம்மாளின் குரல் அது.

முருகம்மாள் விருமாண்டியின் பக்கத்தில், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

கோடாரியைப் போட்டுவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். அதன்பிறகு மந்திரவாதி வந்தான், சர்க்கார் ஆள் வந்தார், ஓட்டைப் பிரித்து இறங்கப் பார்த்த ஒருத்தன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். வீட்டை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகலாம் என்றான் விருமாண்டி. முருகம்மாள் அசையவில்லை. "என் வாசலைப் பாத்துக்கிட்டாவது இருக்கேன்" என்றாள். வீட்டுக்குத் தெற்கே ஒட்டி ஒரு ஓலைக்குடிசை போட்டுக் குடியேறினார்கள்.

தை பிறந்ததும் நல்லகாமன் தாம்பூலத்தோடு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். தவசி கொண்டுபோய்ச் சேர்த்த தூணை நிறுத்திவிட்டார்களாம். வக்கீல் சிமிட்டித் தூணே போதும் என்று விட்டுவிட்டாராம். அவர் தந்த முன்பணத்தை ஊர்கூடி உழைத்துத் திருப்பித் தந்துவிட்டு, மடையையும் கட்டிவிட்டார்களாம். பேரம் நடந்த அன்று சாயந்தரமே முன் மண்டபத்து வௌவாலெல்லாம் கூட்டமாக உள்ளறைக்குள் போனதைச் சோலையம்மாள் பார்த்திருக்கிறாள். மறுநாள் அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தன்னந்தனியாக நிலைவாசலைத் தாண்டியிருக்கிறாள். தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை.

"சாமி வீடு போய்ச் சேந்திருச்சப்பா. கும்பாபிசேகம் வச்சிருக்கோம். ஒனக்குத்தான் மொதப் பரிவட்டம்."

விருமாண்டி போனான். பரிவட்டம் கட்டினார்கள், மாலை போட்டார்கள். கருவறையில் தீபம் ஏறியபோது கல்லில் ஒரு கருணை தெரிந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அவன் கும்பிட்டான். "என்ன சாமி, வீடு வசதியா இருக்கா?" என்று ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். கருவறை வாசலில் வாயைக் கொடுக்கிற பழக்கத்தை அவன் விட்டிருந்தான்.

பங்குனி வெயிலில் ஒருநாள் வெளியூர் ஆள் ஒருவர், குடும்பத்தோடு மதுரையில் குடியேற வீடு தேடிக்கொண்டு அந்தத் தெருவுக்கு வந்தார். குடிசை வாசலில் உட்கார்ந்திருந்த விருமாண்டியிடம் வந்து நின்றார்.

"அண்ணே, இந்த ஓட்டுவீடு யாருதுண்ணே? வாசலைத் தொடச்சு அம்புட்டுச் சுத்தமா வச்சிருக்காக. வாடகைக்கு வருமா?"

விருமாண்டி நிமிர்ந்து கதவைப் பார்த்தான். இப்போதும் தினம் அதைத் துடைக்கிற முருகம்மாள் விடியுமுன்பே உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். இன்றைக்குக் கதவை அவள் துடைக்கவில்லை, ஆனாலும் அது மின்னியது. என்ன சொல்வது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது. அவனுடைய குரலில், அவன் வாய் அசையாமல், கதவுக்குப் பின்னாலிருந்து.

"வீட்டுல ஆளிருக்குண்ணே. அந்தக் குடிசை வேணா கேட்டுப் பாருங்க. வெரசாக் காலியாயிரும்."